மூன்று மாத்திரையும் ஒரு வாளித் தண்ணீரும்

ஓய்வு பெற்ற பிறகு வெள்ளிக்கிழமைதோறும் காமாட்சியம்மன் கோயிலுக்குப் போவது வழக்கமாகிவிட்டது. தரிசனம் முடிந்ததும் செருப்பு விடும் இடத்துக்குப் பக்கத்தில் கொஞ்ச நேரம் உட்காருவேன். முழங்கால் வலி ஒரு காரணம். இன்னொரு காரணத்தைச் சொன்னால் சிரிப்பீர்கள். வருகிறவர் போகிறவர் கால்களைப் பார்த்துக்கொண்டிருப்பேன். 1982ல் வேலைக்குச் சேர்ந்து 2017ல் ஓய்வு பெறும்வரை கிராம சுகாதாரச் செவிலியராக இருந்தவளுக்கு முகத்துக்கு முன்னால் கால்தான் கண்ணில் படுகிறது. கர்ப்பிணியின் கணுக்கால் உப்பியிருந்தால் ரத்தக் கொதிப்பைப் பார்க்கச் சொல்லத் தோன்றும். பெருவிரலில் ஆறாத புண் தெரிந்தால் சர்க்கரையோ என்று மனசு கேட்கும். கேட்காதவர்களுக்கும் சொல்லி வாங்கிக்கட்டிக்கொண்டதுண்டு.

இப்போது நான் தேடுவது யானைக்கால். ஒரு மணி நேரம் உட்கார்ந்திருந்தாலும் ஒன்றும் கண்ணில் படுவதில்லை. எப்போதாவது ஒரு வயதானவர், வேட்டியை இழுத்து மறைத்தபடி போவார். நான் சிறுமியாக இருந்தபோது பிள்ளையார்பாளையத்தில் எங்கள் தெருவில் மட்டும் நாலைந்து பேர் இருந்தார்கள். அதில் ஒருவர் எங்கள் வீட்டிலேயே இருந்தார், என் பெரியப்பா.

வீட்டின் கூடத்தில் இரண்டு தறி. ஒன்று அப்பாவுடையது, மற்றது பெரியப்பாவுடையது. இரண்டும் குழித்தறி. தரையில் பள்ளம் தோண்டி, அதன் விளிம்பில் உட்கார்ந்து, இரண்டு காலையும் உள்ளே தொங்கவிட்டு மிதி மிதிக்க வேண்டும். பெரியப்பா நெய்தது கோர்வைப் புடவை. உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். கரைக்குத் தனி நாடா போட பக்கத்தில் ஒரு ஆள் வேண்டும். பள்ளிக்கூடம் போக மீதி நேரத்தில் அந்த ஆள் நான்தான். அதனால் அவர் காலை அவருடைய பெண்டாட்டியைவிட நான்தான் அதிகம் பார்த்திருப்பேன். வலது கால் சாதாரணமாக இருக்கும். இடது கால் முழங்காலிலிருந்து ஒரே பருமனாக இறங்கும், தோல் புளியமரப் பட்டை மாதிரி. மிதிக்கும்போது அது தூக்கிப் போட்டதுபோல் 'தொப்' என்று விழும். நாடாவின் சத்தத்துக்கு இடையில் அந்தத் 'தொப்' ஒரு தாளம். எங்களுக்கு அது பழகிப்போன சத்தம்.

இரண்டு மாதத்துக்கு ஒருமுறை அந்தச் சத்தம் நின்றுபோகும். திடீரென்று குளிர் எடுக்கும், இடுப்பு மடிப்பில் நெறி கட்டும், கால் சிவந்து நெருப்பாகக் கொதிக்கும். மூன்று கம்பளி போர்த்தியும் பல் கிட்டிக்கும். 'அமாவாசை ஜுரம்' என்பாள் பாட்டி. அமாவாசையில் வராவிட்டால் பௌர்ணமி ஜுரம். நாலு நாள், ஐந்து நாள் தறி சும்மா கிடக்கும். ஒவ்வொரு ஜுரத்துக்குப் பிறகும் கால் இன்னும் கொஞ்சம் பெருத்திருக்கும். வைகாசி கருட சேவைக்கு வரதர் ராஜவீதிக்கு வரும்போது ஊரே திரளும். அவர் மட்டும் வரமாட்டார். "கூட்டத்துல யாராவது மிதிச்சிட்டா நாலு நாள் படுக்கணும்டி" என்பார். காரணம் அது மட்டுமல்ல என்று எனக்குத் தெரியும். அத்தையைப் பெண் பார்க்க வந்தவர்கள் காபியைக் குடிப்பதற்கு முன்னால் அவள் காலைப் பார்த்தார்கள். பெரியப்பாவை அன்று பின்கட்டில் உட்கார வைத்திருந்தோம். அவரே போய் உட்கார்ந்துகொண்டார் என்பதுதான் சரி.

அந்த நாட்களில் ராத்திரி ஒன்பது மணிக்கு மேல் யானைக்கால் தடுப்புப் பிரிவிலிருந்து ஆட்கள் வருவார்கள். தூங்குகிற பிள்ளைகளை எழுப்பி, விரலில் குத்தி, கண்ணாடித் துண்டில் ரத்தம் எடுப்பார்கள். 'ரத்தக் காட்டேறி வருது' என்று நாங்கள் தறிக்குழிக்குள் ஒளிந்துகொள்வோம். ஏன் ராத்திரியில் வந்து கழுத்தறுக்கிறார்கள் என்று அப்பா திட்டுவார். துணைச் செவிலியர் பயிற்சியில் சேர்ந்த பிறகுதான் காரணம் புரிந்தது. இந்த நோயின் தாய்ப்புழு நிணநீர்க் குழாய்களில் வருடக்கணக்காகக் குடியிருக்கும். அது போடும் நுண்புழுக்கள் பகலில் உள்ளுறுப்புகளில் பதுங்கியிருந்து ராத்திரியில்தான் தோலுக்கடியில் ஓடும் ரத்தத்துக்கு வரும். அவற்றை எடுத்துச் செல்லும் க்யூலெக்ஸ் கொசுவும் ராத்திரியில்தான் கடிக்கும். புழுவும் கொசுவும் நேரம் பேசி வைத்துக்கொண்ட மாதிரி! இதில் கொசுவின் பங்கை முதலில் கண்டவர் பேட்ரிக் மேன்சன் என்ற டாக்டர், 1877ல், சீனாவில் அமோய் என்ற துறைமுக ஊரில். க்யூலெக்ஸுக்கு நல்ல தண்ணீர் பிடிக்காது, சாக்கடைதான் வேண்டும். மஞ்சள்நீர்க் கால்வாயைப் பார்த்தவர்களுக்கு இதற்கு மேல் விளக்கம் வேண்டாம்.

எனக்கு வேலை கிடைத்தது காஞ்சிபுரத்தை ஒட்டிய ஒரு நெசவு கிராமத்தில். பெயர் வேண்டாம், அங்கே இன்னும் எனக்குத் தெரிந்தவர்கள் இருக்கிறார்கள். துணை சுகாதார நிலையம், 5000 பேருக்கு ஒரு செவிலியர். தடுப்பூசி, கர்ப்பிணிப் பதிவு, பிரசவம், குடும்பக் கட்டுப்பாடு என்று நாள் ஓடிவிடும். மற்றவை எல்லாம் அதற்குப் பிறகுதான். 1990களின் பிற்பகுதியில் தமிழ்நாட்டில் யானைக்காலுக்கு ஒட்டுமொத்தமாக எல்லோருக்கும் மாத்திரை கொடுக்க ஆரம்பித்தார்கள். 2004லிருந்து அது நாடு முழுவதும் வந்தது. வருடத்துக்கு ஒருமுறை, 15 வயதுக்கு மேற்பட்டவர்களுக்கு டி.இ.சி. மூன்று மாத்திரை. 6 முதல் 14 வரை இரண்டு, 2 முதல் 5 வரை ஒன்று. கூடவே பூச்சி மாத்திரை அல்பெண்டசோல். கர்ப்பிணிக்கும் இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைக்கும் கடுமையாக நோயுற்றவர்களுக்கும் கிடையாது. வெறும் வயிற்றில் சாப்பிடக் கூடாது.

இந்த மாத்திரையின் சூட்சுமம் என்னவென்றால், இது தாய்ப்புழுவை முழுசாகத் தீர்த்துவிடாது. ரத்தத்தில் ஓடும் குட்டிகளைத்தான் நன்றாகக் கொல்லும். ஊரில் பெரும்பாலோர், குறைந்தது நூற்றுக்கு 65 பேர், வருடாவருடம் ஐந்தாறு வருடம் விழுங்கினால் கொசு யாரைக் கடித்தாலும் எடுத்துப்போக ஒன்றும் இருக்காது. தாய்ப்புழுவும் வயதாகிச் செத்துவிடும். அதாவது நீங்கள் விழுங்குகிற மாத்திரை உங்கள் காலுக்காக மட்டும் அல்ல, பக்கத்து வீட்டுத் தொட்டிலில் கிடக்கிற குழந்தையின் காலுக்காகவும்தான். இதை ஒரு நெசவாளரிடம், அவர் பாவில் கண்ணை வைத்திருக்கும்போது, வாசலில் நின்றபடி ஒரு நிமிஷத்தில் சொல்ல வேண்டும். நான் சொன்னேனா? சொல்லவில்லை. "அண்ணா, யானைக்கால் மாத்திரை. சாப்ட்டுட்டுப் போட்டுக்கோங்க" என்று காகிதப் பொட்டலத்தைக் கொடுத்துவிட்டு அடுத்த வீட்டுக்குப் போனேன். பதிவேட்டில் கடைசிக் கட்டம் 'விழுங்கியது'. அதில் டிக் அடித்தேன். ஒரு வருடம் அல்ல, பல வருடம்.

எல்லோரும் அப்படித்தான் செய்தார்கள் என்று சொல்லலாம். செய்யாதவர்களும் இருந்தார்கள்.

2009 வாக்கில் ஒரு நாள். ஒரு நெசவாளர் வீட்டுக்குப் பிரசவித்த மருமகளைப் பார்க்கப் போயிருந்தேன். அந்த வீட்டுக்காரரை நான் அண்ணா என்றுதான் கூப்பிடுவேன். அவருக்கே வலது காலில் வீக்கம் உண்டு, பெரியப்பா அளவுக்கு இல்லை. அவருடைய சின்ன மகனுக்கு 17 வயது. பையன் திண்ணையில் ஒரு காலை நீட்டி உட்கார்ந்திருந்தான். பழக்கதோஷம், பார்த்துவிட்டேன். கணுக்கால் எலும்பு தெரியவில்லை. விரலால் அழுத்தினேன், குழி விழுந்தது.

"எவ்ளோ நாளாடா?"

"சாயங்காலம் ஆனா வீங்குது, காலைல போய்டுதுக்கா. போன மாசம் ஜுரம் வந்துது."

"மாத்திரை போட்டியா, நான் குடுத்தேனே?"

அவன் அம்மாவைப் பார்த்தான். அந்த அம்மா எழுந்து உள்ளே போய் ஒரு பிஸ்கெட் டின்னை எடுத்து வந்தாள். ஊசி, பட்டன், பழைய ரசீது எல்லாவற்றுக்கும் நடுவில் என் காகிதப் பொட்டலங்கள். மூன்று வருடத்து மாத்திரைகள், நாலு பேருக்கும் சேர்த்து. "ஒண்ணும் வீணாக்கல நர்ஸம்மா. பத்திரமா வச்சிருக்கேன். யாருக்காச்சும் கால் வீங்கினா குடுக்கலாம்னு" என்றாள். கிண்டல் இல்லை, நிஜமாகவே நான் சந்தோஷப்படுவேன் என்று நினைத்தாள். நோய் வந்தால்தான் மருந்து. அதுதானே எல்லோருக்கும் தெரிந்த நியாயம்? நான் வேறு நியாயம் சொல்லியிருக்க வேண்டும்.

ஏன் போடவில்லை என்று அண்ணாவிடம் கேட்டேன். "பக்கத்து வீட்ல போட்டுக்கிட்டு மயக்கம், ஜுரம்னு ரெண்டு நாள் தறி எறங்கலம்மா. கோர்வைக்கு ரெண்டு ஆள் கூலி போச்சு. எனக்கு யாரு குடுப்பா?" மாத்திரை போட்டதும் காய்ச்சலும் தலைவலியும் வந்தால், உடம்புக்குள் புழுக்குட்டிகள் செத்துக்கொண்டிருக்கின்றன என்று அர்த்தம். ஒன்றும் வராதவர்களுக்குப் பெரும்பாலும் புழு இல்லை. அந்தப் பக்கத்து வீட்டுக்காரருக்குத்தான் மாத்திரை மிகத் தேவைப்பட்டிருக்கிறது! இதை முன்கூட்டிச் சொல்லியிருந்தால் பயத்துக்குப் பதில் வேறு ஏதாவது வந்திருக்கும். ஒரு பாராசிட்டமால் சேர்த்துக் கொடுத்திருக்கலாம்.

வீட்டுக்கு வந்து பதிவேட்டைத் திறந்தேன். அவன் பெயருக்கு நேராக, மூன்று வருடமும், என் கையெழுத்தில் டிக்.

பையனை மாவட்டத் தலைமை மருத்துவமனைக்கு அழைத்துப் போனேன். பார்த்த டாக்டரிடம் டின் கதையைச் சொன்னேன். "புழு சின்ன வயசுலயே ஏறியிருக்கும்மா. இந்த மூணு வருஷம் விழுங்கியிருந்தா வீங்கியிருக்காதுன்னு சொல்ல முடியாது. வீங்கியிருக்கும்னும் சொல்ல முடியாது" என்றார். ஆறுதலுக்குச் சொன்னாரா, உண்மையே அதுதானா? உண்மைதான். ஆனால் அந்த இரண்டாவது வாக்கியத்தோடு நான் இன்றைக்கும் சண்டை போட்டுக்கொண்டிருக்கிறேன்.

அடுத்த வருட மாத்திரை நாளுக்கு நான் பகலில் போகவில்லை. ராத்திரிச் சாப்பாடு முடிகிற நேரத்தில், தறி நின்ற பிறகு போனேன். அங்கன்வாடி ஆயாவும் நானும். ஒரு சொம்புத் தண்ணீர் கையில். முதல் வீட்டில் எல்லோர் எதிரிலும் என் மூன்று மாத்திரையை நான் விழுங்கினேன். பிறகு அவர்கள். வாயைத் திறந்து காட்டச் சொல்லவில்லை, அது அவமானம். ஆனால் சொம்பு திரும்பி வரும்வரை நகரவில்லை. ஒரு ராத்திரிக்குப் பத்துப் பன்னிரண்டு வீடுதான் முடிந்தது. மூன்று நாள் வேலை மூன்று வாரம் ஆனது. வேண்டாம் என்றவர்களுக்குப் பதிவேட்டில் 'விழுங்கவில்லை' என்று எழுதினேன். என் கிராமத்தின் எண்ணிக்கை சரிந்தது. மாதாந்திரக் கூட்டத்தில் என்னை எழுந்து நிற்கச் சொல்லி, மற்ற கிராமங்களில் எல்லாம் நன்றாக இருக்க உங்களுக்கு மட்டும் என்ன என்று கேட்டார்கள். "சார், போன வருஷம் எழுதுனது பொய், இது நிஜம்" என்று சொல்ல நாக்கு நுனி வரை வந்தது. சொல்லவில்லை. பென்ஷன் ஞாபகம் வந்துவிட்டது.

இதெல்லாம் இனி வருகிறவர்களுக்காக. ஏற்கெனவே வீங்கிய காலுக்கு மாத்திரை பெரிதாக ஒன்றும் செய்யாது. அதற்குத் தேவை சோப்பும் ஒரு வாளித் தண்ணீரும். சொன்னால் யாரும் நம்புவதில்லை. எனக்கே பயிற்சியில் யாரும் சொல்லித்தரவில்லை. அந்த அமாவாசை ஜுரத்துக்குக் காரணம் அமாவாசையும் அல்ல, பெரும்பாலும் புழுவும் அல்ல. விரலிடுக்கில் சேற்றுப்புண் வெடித்து, அதன் வழியாகக் கிருமி உள்ளே போவதுதான் என்று பிரேசிலில் ரெசிஃபே நகரத்திலும், நம் பக்கம் ஆலப்புழையிலும் 1990களில் டாக்டர்கள் ஆராய்ந்து சொன்னார்கள். தினமும் கழுவி, விரலிடுக்கை ஒற்றித் துடைத்து, வெடிப்புக்குக் களிம்பு போட்டாலே ஜுரம் குறையும். ஜுரம் குறைந்தால் கால் மேலும் பெருக்காது. என் பெரியப்பா 1991ல் இறந்தார். அவருக்கு ஜுரம் வந்தபோதெல்லாம் நாங்கள் பச்சிலை அரைத்துக் கட்டினோம். தண்ணீர் படக்கூடாது என்று காலைக் கழுவவே விடவில்லை. நான் அப்போது ஒன்பது வருட அனுபவமுள்ள செவிலியர்.

அரசாங்கத்திலிருந்து பேசின், மக், துண்டு, சோப்பு, களிம்பு எல்லாம் ஒரு பெட்டியாக வந்தது. கூடவே ஒரு படக் காகிதம். அதில் போட்டிருந்தது: கட்டிலின் கால்மாட்டில் செங்கல் வைத்து உயர்த்துங்கள். பகலில் காலைத் தொங்கவிடாதீர்கள். அண்ணா அதை வாங்கிப் பார்த்துவிட்டு என்னைப் பார்த்தார். "நர்ஸம்மா, கட்டிலு எங்க கீது?" கூடத்தை அடைத்துக்கொண்டு தறி நிற்கிறது. அதன் பக்கத்தில் பாய் விரித்துத்தான் நாலு பேரும் படுக்கிறார்கள். காலைத் தொங்கவிடாதே என்றால் அவருக்கு அது சாப்பிடாதே என்பதற்குச் சமம். படம் வரைந்தவர் குழித்தறியைப் பார்த்ததில்லை. பார்த்த நானும் அதுவரை யோசித்ததில்லை.

அன்றைக்கு நான் தறிக்குழியின் விளிம்பில், சிறுவயதில் உட்கார்ந்த அதே இடத்தில் உட்கார்ந்தேன். இரண்டு பேரும் சேர்ந்து யோசித்தோம். குழியின் அடித்தரை ஈரம். ஈரம் இழைக்கு நல்லது என்று அதை அப்படியே விடுவார்கள். அதில்தான் விரலிடுக்கு நாள் முழுக்க ஊறுகிறது. காய்ந்த சாக்கை மடித்துக் கீழே போடுவது, தினம் ஒன்றை வெயிலில் உலர்த்துவது என்று முடிவானது. இழைக்கு ஒன்றும் ஆகவில்லை. நாடாவில் தார் தீர்ந்து, அண்ணி அடுத்த தார் எடுத்துத் தரும் அந்த ஒரு நிமிஷம் காலை மேலே தூக்கி எதிர்ப் பலகையில் வைப்பது. மிதிப்பதே கணுக்காலுக்குப் பயிற்சிதான், அதற்குத் தனியாக ஒன்றும் வேண்டாம். ராத்திரி செங்கலுக்குப் பதில் பழைய பாயைச் சுருட்டிக் காலுக்கடியில். இருட்டியதும் தறியிலிருந்து எழுந்து, வேறு எதற்கும் முன்னால் ஒரு வாளித் தண்ணீர், சோப்பு. அப்பாவும் மகனும் சேர்ந்தே. மகனின் கால் காலையில் வற்றிவிடுகிற நிலையில் இருந்தது. அந்த நிலையில் பிடித்துவிட்டால் பாதி ஜெயித்த மாதிரி.

அண்ணாவிடம் ஒரு கூலி நோட்டு இருந்தது. எந்தத் தேதியில் எத்தனை முழம் என்று எழுதியிருப்பார். தறி இறங்காத நாளுக்கு ஒரு கோடு. என் பதிவேட்டைவிட அது நேர்மையான பதிவேடு. ஒரு வருடம் கழித்து இருவரும் அதைப் புரட்டினோம். கழுவ ஆரம்பிப்பதற்கு முந்தைய வருடத்தில் கோடுகள் கொத்துக் கொத்தாக, நாலு நாளும் ஐந்து நாளுமாக, ஆறு இடத்தில். கழுவ ஆரம்பித்த வருடத்தில் இரண்டு இடத்தில். அவர் விரல் விட்டு எண்ணி, "ஒரு புடவைக்கு மேல மிச்சம்மா" என்றார். கால் சிறிதாகிவிட்டதா என்று கேட்டால், அவர் கால் அவ்வளவாகச் சிறிதாகவில்லை. அதற்கு மேல் பெருக்கவில்லை. நான்காம் நிலைக்குப் போனவர்களுக்கு அரசு மாதம் 1000 ரூபாய் உதவித்தொகை தருகிறது. அவருக்கு அது கிடைக்கவில்லை, கிடைக்கிற நிலைக்கு அவர் போகவே இல்லை. "அதுல எனக்கு நஷ்டம்தான்" என்று சிரிப்பார்.

இலங்கை இந்த நோயை ஒழித்துவிட்டதாக 2016லேயே உலக சுகாதார நிறுவனத்திடம் சான்று வாங்கிவிட்டது. நம் நாடு 2015 என்று குறி வைத்து, தள்ளித் தள்ளி இப்போது 2027ல் நிற்கிறது. பள்ளியில் ஒன்றாம் வகுப்பு, இரண்டாம் வகுப்புப் பிள்ளைகளுக்கு ரத்தம் பார்த்துத்தான் ஊரில் பரவல் நின்றதா என்று முடிவு செய்கிறார்கள். மாத்திரைத் திட்டம் ஆரம்பித்த பிறகு பிறந்த பிள்ளைகள் அல்லவா? ஓய்வு பெறுவதற்கு முன் அந்தப் பரிசோதனைக்கு ஒருமுறை பள்ளிக்கூடத்தில் கூட நின்றேன். இப்போது பகலிலேயே விரலில் ஒரு சொட்டு, அட்டையில் பத்தே நிமிஷம். நான் நின்றிருந்த வரிசையில் ஒவ்வொரு அட்டையிலும் ஒற்றைக் கோடு, அதாவது இல்லை. ராத்திரி எழுப்புகிற வேலை இல்லை. குழிக்குள் ஒளிகிற பிள்ளையும் இல்லை, அந்த ஊரில் பாதி வீட்டில் குழியே இல்லை.

போன வெள்ளிக்கிழமை செருப்பு விடுமிடத்தில் உட்கார்ந்திருந்தபோது, "நர்ஸக்கா!" என்று ஒரு குரல். அந்தப் பையன்தான். முப்பது தாண்டிவிட்டது, கூட மனைவியும் ஒரு பெண் குழந்தையும். தறியை விட்டுவிட்டு ஒரகடம் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலையாம். அப்பா போய் மூன்று வருடம் ஆகிறது என்றான். எனக்குத் தகவல் வரவில்லை.

கொஞ்ச நேரம் பேசிவிட்டு, "காலைக் காட்டுடா" என்றேன். அவன் மனைவி என்னை ஒரு மாதிரி பார்த்தாள். அவன் கூச்சப்படாமல் பேண்ட்டை மடித்துவிட்டு, படிக்கட்டில் காலைத் தூக்கி வைத்தான். கணுக்கால் எலும்பு தெரிந்தது. விரல்களை விரித்துப் பார்த்தேன். நாலாவது இடுக்கில் தோல் வெளுத்து ஊறிப்போயிருந்தது.

"இன்னாடா இது?"

"எட்டு மணி நேரம் சேஃப்டி ஷூக்கா. கழட்ட முடியாது."

"சாக்ஸ் எத்தனை ஜோடி வச்சிருக்கே?"

"ரெண்டு."

அவன் மனைவியைக் கூப்பிட்டு, காந்தி ரோட்டில் எந்தக் கடையில் பருத்தி சாக்ஸ் கிடைக்கும் என்று சொல்லி, இன்னும் மூன்று ஜோடி வாங்கச் சொன்னேன்.